காரணம்: தூரா லிங்பெக்

ஓஸ்டர்விக் நகராட்சிக்குள் யாராவது தோட்டத்தில் கோழிக்கூடு கட்ட நினைத்தாலும், வேலியை உயர்த்த நினைத்தாலும், தாத்தா காலத்துப் படகுக் கொட்டகையை இடித்துத் தள்ள நினைத்தாலும், அந்த விண்ணப்பம் கடைசியில் தூரா லிங்பெக்கின் மேசைக்குத்தான் வந்து சேரும். தூராவுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. விவாகரத்தாகி வெகுகாலம் ஆகிறது. கொடுப்பதைக் கொடுப்பாள், மறுப்பதை மறுப்பாள். அவள் நியாயத்தைப் பற்றி ஊரில் யாரும் குறை சொன்னதில்லை. அவளுடைய சிக்கலெல்லாம் கிழவனோடுதான்.

கிழவன் என்பது கம்ப்யூட்டரில் இருந்த புரோகிராமுக்கு அலுவலகம் வைத்த பெயர். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. மவுஸ் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே அவனுக்குத் தெரியாது. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்பான். பதிலைத் தட்டி என்டர் அடித்தால்தான் அடுத்ததைக் கேட்பான். விண்ணப்ப எண் என்ன? என்ன கட்டப் போகிறார்? எந்த இடத்தில்? பக்கத்து வீட்டாருக்கு ஆட்சேபம் உண்டா? முடிவு என்ன? காரணம் என்ன? முடிவெடுத்த அலுவலர் பெயர் என்ன? கடிதத்தை அனுப்பலாமா? நடுவில் ஒரு எழுத்து பிசகினால் பின்னால் போக முடியாது, மறுபடி முதலிலிருந்துதான். எதைத் தட்டினாலும் வாங்கிக்கொள்வான் என்பது அவனுடைய இன்னொரு குணம். ஒருமுறை தூரா இருமிக்கொண்டே தட்டியதில், முடிவு என்ன என்ற கேள்விக்கு வெறும் ‘க்க்க்க்’ என்று விழுந்தது. அதையும் மறுபேச்சில்லாமல் விழுங்கிவிட்டு, காரணம் என்ன என்று கேட்டான்.

இப்படிப் பல வருடங்கள் பதில் சொல்லிச் சொல்லி மணிக்கட்டு வீங்கியபோது, டாக்டர் கைக்கு மென்மையான பயிற்சி ஏதாவது கொடு என்றார். தூரா மாலைப் பள்ளிக்குப் போய் மண்பாண்ட வகுப்பில் சேரப் பணம் கட்டினாள். அது நிரம்பிவிட்டிருந்தது. பணம் திருப்பித் தரும் வழக்கம் இல்லை என்று சொல்லி, இடம் காலியாக இருந்த ஒரே வகுப்பில் அவளை உட்காரவைத்தார்கள். கம்ப்யூட்டர் கேட்கும் கேள்விகளுக்கு மனிதனுக்குப் பதிலாக, ஸ்கிரிப்ட் என்கிற ஒரு குட்டிக் கட்டளைப் பட்டியலே பதில் தட்டும்படி செய்வது எப்படி என்பது பாடம். வகுப்பில் அவளைத் தவிர ஒரு ஓய்வு பெற்ற பாதிரியாரும், தூங்குவதற்கென்றே வருகிற ஒரு பஸ் டிரைவரும் இருந்தார்கள்.

இதில் இரண்டு வழி உண்டு என்றார் வாத்தியார். திரையில் என்ன கேள்வி வருகிறது என்று ஸ்கிரிப்டைக் காத்திருந்து பார்க்கவைத்து, அந்தக் கேள்விக்கு உரிய பதிலைத் தட்டச் சொல்வது ஒன்று. கேள்வியைப் பார்க்கவே பார்க்காமல், பதில்களை வரிசையாக எடுத்து வீசச் சொல்வது இன்னொன்று. இரண்டாவது சுலபம், ஆனால் கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது மாதிரி, அடுத்த வாரம் முதல் வழியைச் சொல்லித் தருகிறேன் என்றார். அடுத்த வாரம் தூராவுக்குச் சளி. அதற்கடுத்த வாரம் அவள் போகவில்லை. கிழவன் பிறந்ததிலிருந்து ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டுக்கொண்டிருப்பவன். இனிமேலா புதிதாக எதையாவது கேட்கப்போகிறான் என்று நினைத்தாள்.

அப்படித்தான் அந்த ஸ்கிரிப்ட் பிறந்தது. காலையில் வந்ததும் விண்ணப்பங்களை ஒவ்வொன்றாகப் படித்து, முடிவெடுத்து, பதில்களை ஒரு அட்டவணையில் நிரப்பிவிடுவாள். அப்புறம் ஒரே ஒரு கட்டளை. ஸ்கிரிப்ட் கிழவன் முன்னால் உட்கார்ந்து தடதடவென்று தட்டத் தொடங்கும். கிழவன் சில சமயம் கடைசியில் ஒரு என்டர் கூடுதலாகக் கேட்பான் என்பதால் ஒவ்வொரு விண்ணப்பத்தின் முடிவிலும் ஒரு வெறும் என்டரைச் சேர்த்திருந்தாள். வெறும் என்டர் என்றால் கிழவனுக்குச் சம்மதம் என்று அர்த்தம். காபி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும். மீதி நேரத்தில் தூரா திரையை அணைத்துவிட்டு, ஜன்னல் வழியே பைனாகுலரில் துறைமுகச் சுவர்மேல் வந்து உட்காரும் பறவைகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். யாராவது கேட்டால், எல்லைத் தகராறு ஒன்றைக் கவனிப்பதாகச் சொல்வாள். பறவைகளுக்குள் அது நிஜமாகவே நடந்துகொண்டும் இருந்தது.

அந்த வசந்தத்தில் நகராட்சிக்கு நலவாழ்வு ஆலோசகராக மெரேட என்ற இளம்பெண் வந்து சேர்ந்தாள். ஆர்ஹூஸ் நகரத்துக்காரி. பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வாள், நடக்கும்போது பஞ்சின்மேல் நடப்பதுபோல நடப்பாள். ஊழியர்கள் அடிக்கடி உடம்பு சரியில்லை என்று வீட்டில் படுத்துக்கொள்வதற்குக் காரணம், அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று யாரும் கேட்காததுதான் என்று அவள் ஒரு அறிக்கை கொடுத்தாள். நகராட்சிக் கூட்டம் கைதட்டி அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் எல்லோரையும் போய்க் கேட்க ஆள் ஏது? ஆகவே அலுவலகத்தில் ஓடுகிற ஒவ்வொரு புரோகிராமும் வேலையைத் தொடங்கும்போது அதைக் கேட்டுவிட வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. இதை விளக்கி எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் போனது. அதை யாரும் திறக்கவில்லை, தூராவும் திறக்கவில்லை.

ஏப்ரல் மாதத்து முதல் திங்கட்கிழமையிலிருந்து கிழவன் விண்ணப்ப எண்ணை வாங்கிக்கொண்டதும் ஒரு புதுக் கேள்வியைக் கேட்கத் தொடங்கினான். ‘இன்று எப்படி இருக்கிறாய்? உன் சொந்த வார்த்தைகளில் சொல்.’

திரை அணைந்திருந்தது. ஸ்கிரிப்ட் தன்பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரத்தில் ஒரு காலை, மெரேட ஒரு தட்டில் கேக்கோடு வந்து தூராவின் மேசையருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தூரா பைனாகுலரை இழுப்பறைக்குள் வைத்தாள்.

“தூரா, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதே.”

“கேளு.”

“அந்தக் கோழிக்கூடு...”

“எந்தக் கோழிக்கூடு?”

“திங்கக்கிழமை நீ எழுதினியே.”

தூரா யோசித்தாள். திங்கட்கிழமை ஒரு கோழிக்கூடு விண்ணப்பம் வந்தது உண்மைதான். “ஆமா, ஆறு கோழிக்கு. சேவல் கிடையாது.”

மெரேட குறித்துக்கொள்ள எடுத்த பேனாவைக் கீழே வைத்தாள். “சேவல் கிடையாது” என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னாள்.

“சேவல் இருந்தாத்தான் தொந்தரவு. விடியறதுக்குள்ள கத்த ஆரம்பிச்சிடும். அக்கம்பக்கத்துல பேச்சு வரும். அதான் வேண்டாம்னு முடிவு பண்ணேன்.”

“அந்த முடிவு கஷ்டமா இருந்துச்சா?”

“ஒரு நிமிஷ வேலை.”

மெரேட தலையாட்டினாள். அவள் கண்களில் ஈரம் தெரிந்தது. இவளுக்கும் கோழி வளர்க்க ஆசை போலிருக்கிறது, வாடகை வீட்டில் இருக்கிறவள், கேட்கத் தயங்குகிறாள் என்று தூரா நினைத்துக்கொண்டாள். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொன்னாள். “நாலு பக்கமும் வலை அடிக்கணும். மேலயும் அடிக்கணும். நரி வரும் பாரு.”

“நரின்னா... யாரு?”

தூரா அவளைப் பார்த்தாள். நகரத்துப் பெண், பாவம். “நரின்னா நரிதான், மெரேட. இங்க எங்க பாத்தாலும் இருக்கு. நம்ம ஆபீசுக்குப் பின்னாடியே நான் பாத்திருக்கேன். பாத்தா சாதுவா இருக்கும்.”

மெரேட மெல்லத் திரும்பி, மூடியிருந்த அஸ்கரின் அறைக்கதவைப் பார்த்தாள். அஸ்கர் அந்தப் பிரிவின் தலைவர்.

“இதை என்கிட்ட சொன்னதுக்கு நன்றி” என்று சொல்லிவிட்டு, தூராவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்து அழுத்திவிட்டு, கேக்கை அப்படியே விட்டுவிட்டுப் போனாள். தூரா கேக்கைத் தின்றாள். ஏலக்காய் கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

ஊரிலும் அந்த நாட்களில் ஏதோ வித்தியாசம் இருந்தது. ரொட்டிக்கடையில் வரிசையில் நின்ற ஒருவர், “எல்லாம் உன்னாலதான்” என்று சொல்லிவிட்டுப் போனார். அது நன்றியா திட்டா என்று முகத்தைப் பார்த்தால் தெரியவில்லை. மீன்கடைக்காரர் அவளுக்கு மட்டும் ஹெர்ரிங் மீனை எடை போடாமலே பொட்டலம் கட்டிக் கொடுத்தார். குளிர் விட்டுப்போன சந்தோஷத்தில் ஜனங்கள் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

விஷயம் உடைந்தது தோர்கில் வந்தபோதுதான். தோர்கில் ஓய்வு பெற்ற மீனவர். கம்ப்யூட்டரில் கடிதம் வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்து, இன்னமும் காகிதத்திலேயே வாங்குகிறவர்களில் ஒருவர். அவருக்குப் பின்னால் மனைவி போடில், கையில் பையை ஆயுதம்போலப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஏம்மா தூரா, ஒரு கொடிக்கம்பம் நடணும்னு கேட்டேன். ஞாபகம் இருக்கா?”

“இருக்கே. குடுத்தாச்சே, தோர்கில்.”

“குடுத்திருக்கேன்னு நீ சொல்றே. லெட்டர்ல அப்படி இல்லியே. இதை எனக்குப் படிச்சுச் சொல்லு. நான் கண்ணாடி மாத்திப் பாத்துட்டேன்.”

தூரா கடிதத்தை வாங்கினாள். நகராட்சி முத்திரைக்குக் கீழே இப்படி இருந்தது.

‘தாங்கள் அமைக்க விரும்புவது: மேற்கு வேலிக்குப் பின்னால். இடம்: இல்லை. அண்டை வீட்டாரின் ஆட்சேபம்: அனுமதிக்கப்படுகிறது. முடிவு: கடலைப் பார்க்க யாருக்கும் மறைப்பில்லை. காரணம்: தூரா லிங்பெக். இப்படிக்கு, ஆம்.’

அவள் இரண்டாம் முறை படித்தாள்.

“இந்த ‘ஆம்’ யாரு?” என்றார் தோர்கில். “புதுசா வந்த ஆளா? சீனாக்காரரா?”

“அது கெடக்கட்டும்” என்று போடில் முன்னால் வந்தாள். “எங்க வீட்டுத் தோட்டத்துல இவர் கம்பம் நடறதுக்கு நீ எப்படிடி காரணமானே? கல்யாணமாகி இத்தனை வருஷத்துல எதையும் நட்டது கிடையாது இந்த மனுஷன். ஒரு ரோஜாச்செடி நட்டது கிடையாது. இப்ப திடீர்னு கம்பம் நடணும்னு நின்னாரு. ஏன்னு கேட்டா சும்மான்னாரு. இப்ப பாத்தா, காரணத்தைக் கவர்ன்மென்டே எழுதி அனுப்புது.”

“போடில், அது வந்து, மெஷின் பண்ண தப்பு...”

“மெஷினுக்கு உன் பேரு எப்படித் தெரியும்?”

தூராவிடம் அதற்குப் பதில் இருந்தது. ஆனால் சொல்லக்கூடிய பதிலாக இல்லை. நாளைக்குச் சரியான கடிதம் வரும் என்று சத்தியம் செய்து இருவரையும் அனுப்பிவிட்டு, பல மாதங்களுக்குப் பிறகு முதல்முறையாக ஸ்கிரிப்ட் இல்லாமல் கையாலேயே ஒரு விண்ணப்ப எண்ணைத் தட்டினாள். கிழவன் அவளிடம் கேட்டான்: ‘இன்று எப்படி இருக்கிறாய்?’

அவள் கேள்விகளை விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். ஒரு கேள்வி நடுவில் நுழைந்திருக்கிறது. அதற்குப் பின்னால் இருந்த எல்லாப் பதிலும் ஒரு இடம் தள்ளி விழுந்திருக்கிறது. என்ன கட்டப் போகிறார் என்பதற்கான பதில் அவளுடைய மனநிலையாகியிருக்கிறது. இடம், கட்டடமாகியிருக்கிறது. அவளுடைய பெயர், ஊரில் நடக்கிற சகலத்துக்கும் காரணமாகியிருக்கிறது. அவள் ‘ஆம்’ ஆகியிருக்கிறாள். இந்த மாதம் முழுக்கப் போன கடிதங்கள் அத்தனையும் இப்படித்தான் போயிருக்கின்றன.

நேராக அஸ்கரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று எழுந்தாள். கதவைத் தட்டுவதற்குள் கதவே திறந்தது. உள்ளே நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. நடுவில் மெழுகுவர்த்தி எரிந்தது. மெரேட மடியில் ஒரு காகிதக் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். பெரிய உருவமும் எப்போதும் கசங்கிய சட்டையுமான அஸ்கர், தொண்டையைச் செருமிக்கொண்டு, “நாங்களே உன்னைக் கூப்பிட இருந்தோம். உக்காரு” என்றார்.

“நான் ஒரு விஷயம் ஒத்துக்கணும்” என்றாள் தூரா.

“அவசரமில்ல” என்றாள் மெரேட. “முதல்ல, நீ சொன்னதை நாங்க காது குடுத்துக் கேட்டோம்னு நீ தெரிஞ்சுக்கணும். இத்தனை பேரைக் கேட்டோம். எல்லாரும் ‘பரவாயில்லை’, ‘ஓகே’, ‘காபி மெஷின் ரிப்பேர்’. இவ்வளவுதான் எழுதினாங்க. நீ ஒருத்திதான் திறந்து பேசினே.” அவள் காகிதத்தை எடுத்துப் படித்தாள். “‘பழைய படகுக் கொட்டகை, கூரை விழுந்துவிட்டது, இடிக்க வேண்டும்.’ அடுத்தது, ‘தற்காலிகக் கூடாரம், மழை வந்தால் பிரித்துவிடலாம்.’ அப்புறம், ‘புகைபோக்கி, உபயோகத்தில் இல்லை, அடைத்துவிடலாம்.’”

மெரேட நிறுத்தினாள். மேலே படிக்க முடியாமல் அஸ்கரிடம் நீட்டினாள். அஸ்கர் வாங்கிப் படித்தார். “‘இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரில் ஒரு கதவு.’” அதற்கு மேல் அவர் பக்கத்தைத் திருப்பவில்லை. அஸ்கரும் அவருடைய தம்பியும் ஒட்டி ஒட்டிக் கட்டிய இரட்டை வீட்டில் இருக்கிறார்கள். ஒரு சைக்கிள் விஷயமாகப் பேச்சு நின்றுபோய்ப் பல வருடம் ஆகிறது. அது ஊருக்கே தெரியும்.

“அதெல்லாம் நான் எழுதல, அஸ்கர். மெஷின் எழுதினது.”

“எனக்கும் அப்படித்தாம்மா இருக்கு” என்றார் அஸ்கர். “ரொம்ப வருஷமா.”

“இல்ல, நான் நிஜமாவே மெஷினைச் சொல்றேன். நான் உக்காந்து தட்டறதே கிடையாது. எனக்குப் பதிலா அது தட்டுது. நான் பாட்டுக்கு ஜன்னலைப் பாத்துட்டிருப்பேன்.”

மெரேட அஸ்கரைப் பார்த்தாள். அஸ்கர் தலையைக் குனிந்துகொண்டார்.

தூரா விடவில்லை. கைகளை விரித்து விளக்கினாள். “நடுவுல ஒரு கேள்வி வந்துடுச்சு. எனக்குத் தெரியாது. அதுக்கப்புறம் எல்லாமே ஒரு இடம் தள்ளிப்போச்சு. கேக்கறது ஒண்ணு, நான் சொல்றது வேறொண்ணு. என் பேரு எங்க இருக்கணுமோ அங்க இல்ல. புரியுதா?”

“இதைவிடத் தெளிவா யாரும் சொன்னதில்ல” என்று மெரேட அழுதாள்.

அன்றே தூராவுக்குச் சம்பளத்தோடு காலவரையற்ற விடுப்பு கொடுக்கப்பட்டது. அவள் வேண்டாம் என்றாள். வேண்டாம் என்பதே அறிகுறி என்றார்கள். போன கடிதங்களையெல்லாம் திருத்த வேண்டும் என்று கெஞ்சினாள். பொறுப்புணர்ச்சி அளவுக்கு மீறிப் போய்விட்டது என்று மெரேட குறித்துக்கொண்டாள். உள்ளே நுழைவதற்கான அட்டையை வாங்கிக்கொண்டு, போர்வை ஒன்றைப் பரிசாகக் கொடுத்து அனுப்பினார்கள்.

வீட்டில் தூராவுக்கு ஓய்வு வாய்க்கவில்லை. மறுநாளிலிருந்தே கையில் கடிதத்தோடும் போனோடும் ஜனங்கள் வந்து கதவைத் தட்டினார்கள். “இடம்: இல்லைன்னு போட்டிருக்கே, நான் எங்கதான் கட்டறது?” “முடிவு: வாசனை வராதுன்னு இருக்கு. அப்ப கட்டலாமா கூடாதா?” ஒருத்தர், ‘ஆட்சேபம்: மறுக்கப்படுகிறது’ என்பதைப் படித்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் இனிமேல் எதற்கும் ஆட்சேபம் சொல்லக்கூடாது என்று அரசாங்கமே உத்தரவு போட்டுவிட்டதாக எண்ணி, அவர் வீட்டு முன்னால் டிராக்டரை நிறுத்திவைத்திருந்தார். தூரா தன் சமையலறை மேசையில் உட்கார்ந்து, காபி ஊற்றிக் கொடுத்து, அவரவர் முடிவை நினைவிலிருந்தே வாயால் சொல்லி அனுப்பினாள். போடிலும் தோர்கிலோடு வந்தாள். சந்தேகம் தீர, ஸ்கிரிப்டைப் பற்றி முழுவதும் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

“அப்ப உனக்கும் கம்பத்துக்கும் சம்பந்தமே இல்ல.”

“இல்ல, போடில்.”

“பின்ன ஏன்யா நடறே?” என்று புருஷன் பக்கம் திரும்பினாள். தோர்கில் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, “உன் பொறந்த நாளுக்குக் கொடி ஏத்தலாம்னு” என்றார். போடில் கைப்பையை மேசைமேல் இறக்கி வைத்தாள். பிறகு, “இதை ஒரு லெட்டர்ல போட்டிருக்கலாம்ல” என்றாள்.

ஆனால் ஊர் அதற்குள் அந்த வரியைத் தன்னுடையதாக்கிக்கொண்டுவிட்டது. படகுத்துறைப் பலகையில், ‘பத்து மணிப் படகு தாமதம். காரணம்: தூரா லிங்பெக்’ என்று சாக்பீஸால் எழுதியிருந்தார்கள். ரொட்டிக்கடையில் இலவங்கப்பட்டை ரொட்டி தீர்ந்தால் அவள் பெயரைச் சொன்னார்கள். கால்பந்தில் ஓஸ்டர்விக் தோற்றபோது உள்ளூர் வானொலியில் பயிற்சியாளர் ரொம்ப சீரியஸாகவே அவளைக் காரணம் காட்டினார். தூரா அதைக் கேட்டுக்கொண்டே உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். தான் அந்த ஆட்டத்தைப் பார்க்கக்கூட இல்லையே என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

தினமும் காலையில் மெரேட போன் செய்வாள். “இன்னிக்கு எப்படி இருக்கே?”

“நல்லா இருக்கேன். எப்ப வேலைக்கு வரலாம்?”

மறுமுனையில் பெருமூச்சு கேட்கும். “சரி, ரெஸ்ட் எடு.”

சில நாள் இப்படியே போனது. ஒரு நாள் மெரேட அஸ்கரிடம், “மறுபடி மூடிக்கிட்டா. வெறும் ‘நல்லா இருக்கேன்’தான் வருது” என்று சொல்வதை, மெரேட போனை வைக்க மறந்ததில் தூரா கேட்டுவிட்டாள். அன்று முழுக்க யோசித்தாள். மறுநாள் போன் வந்தது.

“இன்னிக்கு எப்படி இருக்கே, தூரா?”

தூரா மூச்சை இழுத்துக்கொண்டாள். “விறகுக் கொட்டகை. கூரைக்குப் புதுசாத் தார் பூசியிருக்கு. கதவு கடலைப் பாத்து.”

அந்தப் பக்கம் பேனா உரசுகிற சத்தம் கேட்டது. பிறகு மெரேட கேட்டாள், “கதவு... திறந்திருக்கா?”

“சின்னதா ஒரு கொண்டி மட்டும் போட்டிருக்கு. காத்துக்கு அடிச்சுக்கக் கூடாதில்ல.”

“திங்கக்கிழமை வந்துடு” என்றாள் மெரேட.

திரும்பிப் போவதற்குள் தூரா மாலைப் பள்ளி வாத்தியாரைத் தேடிப் பிடித்து, தான் தவறவிட்ட பாடத்தைக் கற்றுக்கொண்டாள். திரையில் வருவதை வாசித்து, கேள்வியை அடையாளம் கண்டு, அதற்குரிய பதிலைத் தட்டவும், தெரியாத கேள்வி வந்தால் அங்கேயே நின்று கூப்பிடவும் ஸ்கிரிப்டைப் பழக்கினாள். வேலையில் சேர்ந்த வாரத்தில் எல்லோருக்கும் திருத்திய கடிதம் போய்ச் சேர்ந்தது. சிலர் பழையதையே வைத்துக்கொள்கிறோம் என்று திருப்பி அனுப்பினார்கள்.

மெரேட கேட்ட அந்த ஒரு கேள்விக்கு மட்டும் முதலில் கையாலேயே பதில் எழுதினாள். ஆனால் கிழவன் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அதைக் கேட்டான். காலையில் ஒருமுறை எப்படி இருக்கிறோம் என்று யோசிக்கலாம். மதியத்துக்குள் பலமுறை யோசித்தால், இருக்கிற கொஞ்ச நஞ்ச நலமும் போய்விடுகிறது. கடைசியில் கட்டடங்களையும் கூரைகளையும் கலந்து ஒரு பட்டியல் போட்டு, அதையும் ஸ்கிரிப்டிடமே கொடுத்துவிட்டாள்.

இதற்கிடையே தூரா குணமான செய்தி பரவி, அலுவலகம் முழுக்க அவளைப் பார்த்து எழுதத் தொடங்கியிருந்தது. கணக்குப் பிரிவில் ஒருவர் ‘பாதி கட்டிய கழிவறை’ என்று எழுதினார். நூலகத்தில் ஒருத்தி, ‘கண்ணாடி வீடு, தக்காளி இல்லை.’ அஸ்கர் ‘சுவர்’ என்று ஆரம்பித்து, ஒரு வாரத்தில் ‘சுவர், உளி வாங்கியிருக்கிறேன்’ என்ற இடத்துக்கு வந்திருந்தார். விதிப்படி ஒவ்வொருவருக்கும் மெரேட ஆறுதலாக ஒரு வரி பதில் எழுத வேண்டும். அவளுக்குக் கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்துவிட்டது. கை வீங்கிவிட்டது.

ஒரு நாள் மத்தியானம் அவள் தூராவின் மேசைக்கு வந்தாள். கேக் கொண்டுவரவில்லை.

“தூரா, நீ அன்னிக்கு ஒரு மெஷினைப் பத்திச் சொன்னியே. உனக்குப் பதிலா அது தட்டுதுன்னு.”

“ம்.”

“அது நிஜ மெஷினா?”

“அன்னிக்கு முழுக்க அதைத்தான் சொன்னேன்.”

மெரேட கதவைப் பார்த்துவிட்டுக் குரலை இன்னும் தாழ்த்தினாள். “அதுக்கு ஆறுதல் சொல்ல வருமா?”

இருவரும் உட்கார்ந்தார்கள். கூரை என்று வந்தால் எந்த வரி, இடிப்பது என்று வந்தால் எந்த வரி என்று மெரேட சொல்லச் சொல்ல தூரா ஸ்கிரிப்டில் ஏற்றினாள். கழிவறையில் கொஞ்ச நேரம் தகராறு ஆயிற்று. “‘அவசரப்படாதே’ன்னு போடலாமா?” என்றாள் மெரேட. “கழிவறைக்கா?” என்றாள் தூரா. மெரேட முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்து அறையிலிருந்து ஆள் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள்.

ஓடவிட்டார்கள். பச்சை எழுத்துகள் திரையில் மேலே மேலே ஏறின. எங்கேயும் நிற்கவில்லை, யாரையும் கூப்பிடவில்லை.

சிறிது நேரத்தில் அஸ்கர் போனைக் கையில் பிடித்தபடி வந்தார். சட்டையில் காரைத்தூள் ஒட்டியிருந்தது. மதிய இடைவேளைக்கு வீட்டுக்குப் போயிருக்கிறார் போலும்.

“மெரேட, இப்ப அனுப்பினியே, ‘தட்டிப் பாரு, அந்தப் பக்கமும் ஒரு காது இருக்கும்’னு. இதை எனக்குன்னே யோசிச்சு எழுதினியா?”

மெரேட தூராவைப் பார்த்தாள். தூரா கீழே விழாத பேனா ஒன்றைத் தேடி மேசைக்கு அடியில் குனிந்தாள்.

“ஆமா, அஸ்கர்” என்றாள் மெரேட.

“தட்டினேன். அவனும் தட்டினான்.” அவர் மூக்கை உறிஞ்சினார். “சைக்கிளைத் திருப்பித் தர மாட்டானாம். ஆனா சுவரை உடைக்கறதுன்னா முறையா விண்ணப்பம் போடணுமாமே. ஃபார்ம் எங்க இருக்கு?”

தூரா மேசைக்கு அடியிலிருந்தே கையை நீட்டி ஒரு ஃபாரத்தை எடுத்துக் கொடுத்தாள்.